எண்ணூறு பிழைகளைச் சுத்தம் செய்த மருமகன்

ரிஜிஸ்ட்ரி என்பது கம்ப்யூட்டரின் சாக்கடை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. நாள்பட நாள்பட அதில் கசடு சேரும், மாதத்துக்கு ஒருமுறை வாரிக் கொட்டினால் இயந்திரம் புதுமாப்பிள்ளை மாதிரி துள்ளி ஓடும் என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனியின் பழைய சோதனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெயர் புரியாத வரிகளையெல்லாம் வேண்டாதவை என்று தீர்மானித்து ஒவ்வொன்றாக அழித்தேன். அன்று எனக்குப் பெயர் புரியாதவை என்றால் ஏறக்குறைய எல்லாமே. மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம், பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி போட்ட கேள்வி. "சேகரண்ணா, நல்ல ரிஜிஸ்ட்ரி க்ளீனர் ஒண்ணு சொல்லுங்க." அதற்குக் கீழே ஆளுக்கொரு பெயராக ஐந்தாறு பதில்கள். எங்கள் கம்பெனி சர்வீஸ் பிரிவை இழுத்து மூடி, என்னையும் ஒரு சால்வையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலைதான் ஓய்வு பெற்றது. கோபம் பெறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் தன் குடும்ப விவரம் முழுவதையும் குறித்துவைக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி. எந்த பிரிண்டர் எங்கே இருக்கிறது, எந்த மென்பொருளின் எந்த உறுப்பு எந்தக் கோப்பில் கிடக்கிறது, எல்லாம் அங்கே கிளைகிளையாக, வரிவரியாக இருக்கும். அதில், இல்லாத கோப்பைக் காட்டும் செத்த வரிகள் ஆயிரம் கிடந்தாலும் கம்ப்யூட்டரின் வேகம் இம்மியும் குறையாது. ஆனால் உயிருள்ள ஒரே ஒரு வரி போனால் போதும், அதை நம்பியிருந்த மென்பொருள் படுத்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லாமல், சிவப்பு எழுத்தில் "உங்கள் கணினியில் இத்தனை பிழைகள்" என்று காட்டி ஊரை மிரட்டினார்களே, அந்த க்ளீனர்காரர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம். நல்ல உடம்போடு நடந்துபோகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்கு எண்ணூறு வியாதி என்று சொல்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும்.

நான் பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பா நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. படித்துவிட்டு, அதற்கு மேல் எர்ணாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, அங்கேயே ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். என் விசிட்டிங் கார்டில் என்ஜினியர் என்று இருந்தது. அச்சகத்துக்காரர் தாராளமான மனிதர்.

என் மேலதிகாரி வர்கீஸ் சார். ஒல்லியான ஆள், கண்ணாடியை எப்போதும் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "பேக்கப் எடுத்தோ?" அதுதான் முதல் வார்த்தை. என் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தபோதும், கவரைத் திறக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்து அதையேதான் கேட்டார்.

ரிஜிஸ்ட்ரியைத் தொட அவர் வைத்திருந்த முறை ஒரு பூசை மாதிரி இருக்கும். முதலில் மொத்த ரிஜிஸ்ட்ரிக்கும் ஒரு நகல். பிறகு, கைவைக்கப்போகும் கிளைக்கு மட்டும் தனியாக இன்னொன்று, அது ஃப்ளாப்பியில். கம்ப்யூட்டருக்குள்ளேயே நகலை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரே எழுந்திருக்காவிட்டால் அந்த நகலை எங்கே போய் எடுப்பாய் என்பார். ஃப்ளாப்பியின் மேல் பென்சிலால் எந்த இயந்திரம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். அடுத்தது, திறந்திருக்கும் கிளையின் முழு முகவரியையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாய் வாசிக்கும்போதுதான் கண் தவறைப் பிடிக்கும் என்பது அவர் கட்சி. இத்தனைக்குப் பிறகும் அழிக்கக் கூடாது. பெயரை மட்டும் மாற்ற வேண்டும், முன்னால் ஓர் எக்ஸ் போட்டு. கம்ப்யூட்டரை அணைத்து இயக்கி, வாடிக்கையாளர் ஒரு வாரம் அதில் வேலை பார்த்து, எங்கேயும் கூச்சல் கேட்கவில்லை என்றால்தான் அழிக்கலாம். அந்த நாள் வந்து நான் ஆசையாகக் கேட்டால், கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வார்: "கிடக்கட்டே எடோ. அது உன்கிட்ட சோறா கேக்குது?"

இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்வார். கிளையின் நகலைத் திரும்பச் சேர்த்தால் போனது வரும், ஆனால் இடையில் புதிதாய் நுழைந்தது போகாது. முழுசாகப் பழைய நிலைக்குப் போக வேண்டுமானால் முழு நகல்தான் கதி. விண்டோஸ் 98 அந்த முழு நகலைத் தானே எடுத்துவைக்கும். தினமும் முதல் தடவை ஒழுங்காக எழுந்தவுடன் ஒன்று, அப்படிக் கடைசி ஐந்து. இந்த ஐந்தைப் பற்றி எனக்கு இருந்த அரைகுறை ஞானம்தான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

மட்டாஞ்சேரியில் எனக்கு இருந்த வாடிக்கையாளர்களில் பெரியவர் அவராச்சன் முதலாளி. மிளகு ஏற்றுமதி. அவருடைய உலகத்தில் மிளகு இரண்டே வகை, சுத்தம் செய்தது, செய்யாதது. காம்பு, தூசி, சண்டு எல்லாம் சலித்துப் புடைத்து எடுத்த மிளகுக்கு ஒரு விலை, எடுக்காததற்கு வேறு விலை. எவ்வளவு கழிவு வெளியே வந்தது என்பதை வைத்தே வேலையாட்களை எடைபோடுவார். கழிவு குறைவாக வந்தால் மிளகு நல்ல மிளகு என்று நினைக்க மாட்டார், ஆள் சோம்பேறி என்றுதான் நினைப்பார். நான் மாதாமாதம் கம்ப்யூட்டர் பார்க்கப் போனாலும் அதே கேள்வி. "இன்னிக்கு எத்தனை கழிவு எடுத்தாய்?"

"கழிவு ஒண்ணும் இல்ல முதலாளி, நல்லா ஓடுது."

"பின்னே நீ எதுக்கு வந்தே?"

அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டவள் செல்வி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். பில், பேக்கிங் லிஸ்ட், கப்பலுக்குப் போகும் தாள்கள் எல்லாம் அவள் கையால்தான். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அதன் பாதி செல்வியின் கம்ப்யூட்டரிலும், மீதி பாதி தெருவுக்கு எதிர்ப்பக்கம் கிடங்கில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலும் கிடந்தன. நடுவில் ஒரு கேபிள். கிடங்கில் மூட்டை எடை போட்டு ஏற்றினால் இங்கே கணக்கு வந்துவிடும்.

அந்த நாள் காலை செல்விதான் போன் செய்தாள். "சேகரண்ணா, ஒண்ணு ஓடி வாங்க. புரோகிராம் தொறக்க மாட்டேங்குது. இன்னிக்கு கப்பலுக்குப் பேப்பர் போகணும்."

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது. மென்பொருளைத் திறந்தால், ஏதோ ஓர் உறுப்பு பதிவாகவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். எதற்கு ஓகே என்று யாருக்கும் தெரியாது. அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடும்.

அவராச்சன் முதலாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். உள்ளங்கையில் நாலு மிளகை வைத்துத் தேய்த்து ஊதியபடியே சொன்னார். "உச்சைக்கு முன்னே பேப்பர் வெலிங்டன் தீவில் கப்பல் ஏஜென்ட் கையில் இருக்கணும். இல்லெங்கில் இவள் நாளை முதல் வரண்டா." உச்சை என்றால் நண்பகல், வரண்டா என்றால் வர வேண்டாம், அதாவது வேலை போயிற்று.

"நான் ஒண்ணும் செய்யல முதலாளி," என்றாள் செல்வி. "நேத்து காலையில நல்லா ஓடிச்சு. சோறு திங்கப் போயிட்டு வந்தேன், அப்புறம் லெட்டர்தான் அடிச்சேன்."

"நீ செய்யாம பின்னே அது தானாய்க் கெடுமோ?"

அப்போதுதான் முதலாளியின் மருமகன் டோமி உள்ளே வந்தார். புதுமாப்பிள்ளை. கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குகிறவர், அதோடு இலவசமாக வரும் சி.டி.யைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மலர்ந்த முகத்தோடு சொன்னார். "சேட்டா, ரிஜிஸ்ட்ரி எல்லாம் நோக்கண்டா. அது நான் நேத்து உச்சைக்கே க்ளீன் செய்து. எண்ணூறு சொச்சம் எரர் இருந்தது. எல்லாம் எடுத்துக் களைஞ்சு."

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். குற்றவாளி தானே வந்து பெருமையோடு வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இனி முதலாளிக்கு விளங்கிவிடும் என்று திரும்பினால், அவர் முகத்தில் மருமகனைப் பற்றிய பூரிப்பு.

"கேட்டோ?" என்றார் என்னிடம். "எண்ணூறு எடுத்திருக்கான். நீ இத்தனை மாசமாய் ஒண்ணு எடுத்தாயோ? அவன் அத்தனை சுத்தமாக்கிக் கொடுத்தும் இவள் கெடுத்துட்டாள்."

வாயில் வந்ததை விழுங்கினேன். வெளியே வந்திருந்தால் அச்சில் ஏற்ற முடியாததாக இருந்திருக்கும். மிளகுக் கடையில் சுத்தம் செய்தவன் குற்றவாளியாக முடியாது. அங்கே அப்படி ஒரு வழக்கே கிடையாது.

கம்ப்யூட்டரை அணைத்து, கறுப்புத் திரைக்குப் போய், பழைய நகலைத் திரும்ப வைக்கும் கட்டளையைத் தட்டினேன். ஐந்து நகல்கள் வரிசையாக வந்தன. மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்து, இயக்கி, மென்பொருளைத் திறந்தேன். அதே பெட்டி. அதே ஓகே.

அங்கேதான் என் மூளை கழன்றது. ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரை இயக்கும்போதும் ஒரு புது நகல் உள்ளே வந்து, பழைய நல்ல நகல் ஒன்றை வெளியே தள்ளிவிடுகிறது என்று என் புத்தி சொல்லிற்று. இன்னும் இரண்டு தடவை இயக்கினால் எல்லாம் போச்சு. உடனே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியதோடு நிற்காமல், பிளக் பாயின்ட்டின் முன்னால் ஸ்குரூ டிரைவரோடு காவல் நின்றேன். சாயா கொண்டுவந்த ஆளைக்கூட அந்தச் சுவர்ப் பக்கம் விடவில்லை.

"சேகரண்ணா, என்னா செய்யறீங்க?" என்றாள் செல்வி.

"காப்பாத்தறேன்."

"சுவரையா?"

"செல்வி, நீ ஒண்ணு மயங்கி விழறியா? கொஞ்சம் டைம் கிட்டும்."

"நீங்க விழுங்க. உங்களுக்குத்தான் மொகம் வெளுத்திருக்கு. நான் விழுந்தா அதுக்கும் சேர்த்து நாளைக்கு வரண்டான்னு சொல்லுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த நாற்காலிக்கு அவரோட ஃபிரெண்டு ஒருத்தரை டோமி சார் பேசி வெச்சிருக்காரு அண்ணா. இன்னிக்குப் பேப்பர் போகலைன்னா எனக்கு வேற ஒரு எடமும் இல்ல. ஒங்க சார்க்கு ஒண்ணு போன் போடுங்க."

போட்டேன். "பேக்கப் எடுத்தோ?" என்றார் வர்கீஸ் சார். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"லிஸ்டில் தேதி நோக்கியோ?"

"இல்ல சார்."

"மேலே இருக்கறது இன்னிக்குக் காலையில எடுத்தது. இன்னிக்குக் காலையில ரிஜிஸ்ட்ரி கெட்டுத்தான் இருந்தது. கெட்டதை எடுத்து நீ கெட்டதுமேலே வெச்சிருக்கே. நேத்து காலைத் தேதி எது, அதை எடு."

"ஆனா சார், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஒரு நகல்..."

"தினத்துக்கு ஒண்ணுதான். நீ நூறு தடவை ஆன் செய்தாலும் ஒண்ணுதான். பிளக்கைக் குத்து எடோ."

அவருக்குத் தொலைபேசி வழியே பிளக் தெரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். குத்தினேன். நேற்றைய தேதியை வாய்விட்டு வாசித்து, இரண்டு தடவை வாசித்து, தேர்ந்தெடுத்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது. மென்பொருள் ஒரு பேச்சும் பேசாமல் திறந்துகொண்டது. செல்வி என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பிரிண்டர் கறகறவென்று ஓடியது. உச்சிப்பொழுதுக்கு முன்பே தாள்கள் ஜீப்பில் ஏறித் தீவுக்குப் போய்விட்டன.

விஷயம் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். முதலாளி வந்து, ஓடுகிற திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "எல்லாம் சரி. ஆனால் இன்னொரு தடவை இப்படி ஆனா முடியாது. இவள் நாளை முதல் வரண்டா. டோமியின் ஃபிரெண்டு வரட்டும்" என்றார். செல்வி பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

உச்சைக்கு முன்னால் பேப்பர் போனால் வேலை உண்டு என்று அவர்தான் சொன்னார். பேப்பர் போயிற்று. நான் அதைச் சொன்னேன். இது கெடுதலை யார் செய்தது என்ற விஷயம், அது வேறே விஷயம் என்றார். செய்தது உங்கள் மருமகன் என்று சொன்னேன். அவன் சுத்தம் அல்லவா செய்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. வர்கீஸ் சாருக்கு மறுபடியும் போன் போட்டு, பேக்கப் எடுத்தோ என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "சார், நீங்க வரணும்" என்றேன்.

எர்ணாகுளத்திலிருந்து படகைப் பிடித்து வந்துசேர்ந்தார். வந்தவர் எது கெட்டது என்று தேடவில்லை. முதலில் முழு நகல் ஒன்று எடுத்து ஃப்ளாப்பிகளில் ஏற்றிப் பென்சிலால் எழுதினார். பிறகு ஜன்னல் வழியே எதிர்க் கிடங்கைப் பார்த்தார்.

"கிடங்கில் உச்சைக்குக் கரண்ட் உண்டோ முதலாளி?"

"இல்ல. சாப்பாட்டு நேரத்தில் மெயின் சுவிட்ச் ஆஃப். சாக்கும் சரக்கும் உள்ள இடம், தீப் பிடிச்சாலோ? அது எங்கப்பன் காலத்து வழக்கம்."

"இப்போ?"

"இப்போ சாப்பாடு கழிஞ்சது. கரண்ட் உண்டு."

வர்கீஸ் சார் டோமியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மரியாதையாகவே சொன்னார். "மோனே, நேத்து செய்ததை இப்போ செய்யு. எண்ணிக்கை காட்டினால் போதும். களையும் பொத்தானைத் தொடண்டா."

டோமி சி.டி.யைப் போட்டார். அந்த மென்பொருள் ஓடத் தொடங்கியது. நான் பின்னால் நின்று என் விரல்களை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொண்டேன். இப்போதுதான் உயிர் வந்த கம்ப்யூட்டர். டோமியின் சுட்டுவிரல் மௌஸின் மேல் அசையும்போதெல்லாம் என் காலும் ஓர் அடி முன்னால் போயிற்று. எண் வந்து நின்றது. நூற்றுச் சொச்சம்.

"இனி ஒருத்தர் போய் கிடங்கின் மெயின் சுவிட்சை ஒண்ணு ஆஃப் செய்யட்டே," என்றார் வர்கீஸ் சார்.

ஆஃப் செய்தார்கள். டோமி மறுபடி ஓட்டினார். எண் ஏறியது, ஏறியது, எண்ணூறைத் தாண்டி நின்றது. சிவப்பு எழுத்தில்.

வர்கீஸ் சார் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "முதலாளி, சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு பூட்டியிருக்கும்போது ஒருத்தன் வந்து கதவைத் தட்டறான். யாரும் தொறக்கல. உள்ளே ஒரு மூட்டை மிளகுகூட இல்லேன்னு எழுதிட்டுப் போறான். அதுதான் இது. அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ஆஃப். அங்கே போகிற வரி எல்லாம் இதுக்குச் செத்த வரி. எண்ணூறில் எழுநூறு உயிருள்ளது."

மிளகில் சொன்னதால் முதலாளிக்கு அது உடனே ஏறியது. கையிலிருந்த நாலு மிளகையும் மேஜைமேல் வைத்தார். "அப்போ இவன் நல்ல மணியை எல்லாம் சண்டோடு சேர்த்துக் களைஞ்சிட்டான்."

"அதே."

டோமி சி.டி.யை வெளியே எடுத்தார். முதலாளி ஜன்னல்வரை நடந்தார். பிறகு திரும்பினார். "செல்வி வரட்டும். ஆனா ஸ்டாஃப் எல்லாம் இருக்கறப்போ ஒரு க்ஷமை சொல்லிட்டு உட்காரட்டும். மருமகன் பாருங்கோ. நாலு பேர் முன்னால் அவனுக்கு ஒரு நிலை வேண்டாமோ? வெறும் மரியாதைக்கு."

நான் வாயைத் திறந்தேன். வர்கீஸ் சார் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். படகுத்துறை வந்துதான் விட்டார். போட் வந்தபோது சொன்னார், "மிஷினை நன்னாக்க எனக்குத் தெரியும். அது மாத்திரமே தெரியும்." பிறகு, "நாளை காலை போய் ஒண்ணு நோக்கிட்டு வா. எழுந்திருக்கோன்னு" என்றார்.

சாயந்திரம் செல்வி வீட்டுக்குப் போனேன். முதலாளி மன்னிப்பு கேட்கச் சொன்ன விஷயத்தைச் சொன்னேன். "வாயால ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துக்க. வார்த்தைதானே, போகட்டும்," என்றேன். சொன்ன எனக்கே நாக்கு கசந்தது.

செல்வி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்குன்னு சொல்லட்டும் அண்ணா? க்ஷமை கேக்கணும்னா எதுக்குன்னு ஒண்ணு வேணுமில்ல?"

"எதுக்காவது."

"செரி. யோசிக்கறேன்."

மறுநாள் காலை நான் போனபோது எல்லாரும் கூடியிருந்தார்கள். கணக்குப்பிள்ளை, சாம்பிள் அறை ஆட்கள், கிடங்கு மேஸ்திரி. முதலாளி மேஜைக்குப் பின்னால். டோமி அவர் பக்கத்தில் புதுச்சட்டையில். செல்வி பையைத் தோளிலிருந்து இறக்காமல் நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"முதலாளி, டோமி சார் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணினதுக்கு நான் எல்லார் முன்னாலயும் க்ஷமை கேட்டுக்கறேன்."

கிடங்கு மேஸ்திரி இருமினார். கணக்குப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி அவளையே பார்த்தார். அவள் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வார்.

"மதி, போதும்," என்றார். "போய் வேலையைப் பாரு."

செல்வி போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரை இயக்கினாள். அது எழுந்தது. டோமி அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வரவில்லை. நாற்காலி செல்வியிடமே இருந்தது. தப்பு செய்தவர் அல்ல, அவள்தான் மன்னிப்பு கேட்டாள்.